‘டே’ என்று அழைக்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாடுகளில் வாழும் தமிழ் முதியோரைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் பெற்றோரை மரியாதையுடன் நடத்த வேண்டும், அவர்கள் மனம் நோகும்படி எதுவும் பேசக் கூடாது, சச்சரவில்லாத அமைதியான சூழலில் அவர்களை வைத்திருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்ததில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் மரியாதையும் அமைதியும் கிடைத்துவிட்டால் ஒரு முதியவருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை என்ற எண்ணம் அக்கட்டுரை முழுவதும் இழையோடியிருந்தது. அவை போதா என்பதை, ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு அருகே 40 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து இப்போது 71 வயதை எட்டியிருக்கும் நான், என் அனுபவத்திலிருந்து எழுத விரும்புகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் முசிறியில் காவிரிக் கரையில் பிறந்தவன். நீர்மின் பொறியாளராக இந்நாட்டுக்கு வந்து, டே ஆற்றையும் அதன் கிளை ஆறுகளையும் ஒட்டியே பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றேன். டே, ஸ்காட்லாந்தின் மிக நீளமான ஆறு. ஏறத்தாழ 190 கிலோமீட்டர் ஓடி, பிரிட்டனின் வேறெந்த ஆற்றையும்விட அதிகமான நீரைக் கடலில் கொண்டுசேர்ப்பது. அந்த ஆற்றில் சால்மன் மீனுக்காக ஃபிளை தூண்டில் வீசும் ஐவர் கொண்ட ஒரு சிறு கூட்டத்தில் நானும் ஒருவன். புழுவோ இரையோ கோக்காமல், பறவை இறகையும் விலங்கின் முடியையும் நூலால் சுற்றிக் கட்டிய ஃபிளையை, 15 அடி நீளமுள்ள கோலை இரு கைகளாலும் பிடித்து வீசிப் பிடிப்பது எங்கள் முறை. எங்களில் மூத்தவர் 79 வயதான ஓய்வுபெற்ற தபால்காரர். அடுத்தவர் 77 வயதான புவியியல் ஆசிரியர். பிறகு 74 வயதான தச்சர், 73 வயதான செவிலியர் அம்மையார், கடைசியாக நான். 71 வயதான என்னை அவர்கள் இன்றும் ‘பையன்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

டே ஆற்றில் சால்மன் பருவம் ஜனவரி 15 அன்று தொடங்கி அக்டோபர் 15 அன்று முடிகிறது. எங்கள் வீட்டில் பொங்கல் பொங்கும் நாளும் ஆற்றில் தூண்டில் விழும் நாளும் சில ஆண்டுகளில் ஒன்றாகவே வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையில் சால்மன் பிடிக்க இந்நாட்டுச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், 15ஆம் நாள் ஞாயிறாக அமைந்தால் ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். தொடக்க நாளில் பைப் வாத்தியம் முழங்க ஊர்வலமாகச் சென்று, படகின் மீதும் ஆற்றிலும் விஸ்கி ஊற்றி வணங்கும் வழக்கம் இங்குண்டு. முதன்முறை அதைக் கண்டபோது, ஆடிப்பெருக்கில் காவிரிக்குக் காப்பரிசியும் காதோலைக் கருகமணியும் இட்ட என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். ஆற்றிடம் எதையாவது கேட்பதற்கு முன் அதற்கு எதையாவது கொடுக்க வேண்டும் என்று இங்கும் யாரோ ஒரு பாட்டி சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரையிலான மூன்று மாதங்கள்தாம் எனக்கு இக்கடிதத்தின் பொருள். அந்த நாட்களில் பிற்பகல் மூன்றரை மணிக்கே வெளிச்சம் போய்விடும். பிள்ளைகள் எடின்பரோவிலோ இலண்டனிலோ இருப்பார்கள். தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள். முதியவர்கள் உள்ளுக்குள் ஒடுங்கிப்போகும் காலம் அது. நாங்கள் ஐவரும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் தச்சரின் பட்டறையில், விறகடுப்பைச் சுற்றிக் கூடுகிறோம். தபால்காரர் மேசை விளிம்பில் ஒரு சிறு இடுக்கியைப் பொருத்தி, வரவிருக்கும் வசந்தத்துக்கான ஃபிளைகளைக் கட்டுவார். கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் முடிகளைக் கலந்து பித்தளைக் குழாயின் மேல் கட்டும் ‘வில்லி கன்’ அவருக்குக் கைவந்தது. மற்றவர்கள் அவர் கட்டுவதில் குறை சொல்வார்கள். அவர் குறை சொல்பவர்களின் வீச்சில் குறை சொல்வார். தேநீர் கொதிக்கும், நான் கொண்டுபோகும் முறுக்கு தீரும், மூன்று மணி நேரம் கேலியிலேயே கழியும்.

அந்தக் கேலியின் தரத்தைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டுமானால், சால்மன் மீனைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இம்மீன் ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று, கிரீன்லாந்து வரைக்கும்கூடப் போய் இரைதேடி வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. முட்டையிடுவது இலையுதிர்காலத்தின் கடைசியில்தான் என்றாலும், அவற்றில் ஒரு பகுதி ஜனவரி முதல் மே வரையிலேயே, அதாவது பல மாதங்களுக்கு முன்பாகவே, ஆற்றுக்குள் நுழைந்துவிடுகின்றன. கடலில் இரண்டு மூன்று குளிர்காலங்களைக் கழித்து, கொழுப்பைச் சேமித்துக்கொண்டு, தேய்த்து வைத்த வெள்ளிக் கிண்ணம்போல வரும் இந்த மீனைத்தான் ‘ஸ்பிரிங்கர்’ என்று கொண்டாடுகிறார்கள். நாங்கள் காத்திருப்பது அதற்காகத்தான். ஆற்றுக்குள் வந்தபின் அது எதையும் உண்பதில்லை. அதன் இரைப்பையே சுருங்கிவிடுகிறது. பசியில்லாத மீன் எதற்காக ஃபிளையைக் கவ்வுகிறது என்பதற்கு எங்கள் பட்டறையில் ஐந்து விளக்கங்கள் உண்டு. எரிச்சலால் என்பார் ஒருவர், பழக்கத்தால் என்பார் இன்னொருவர். எந்த வியாழக்கிழமையும் அந்த வழக்கு முடிந்ததில்லை.

எங்கள் கூட்டத்துப் புவியியல் ஆசிரியர் தாம் பிடித்த ஒவ்வொரு மீனையும் நாள், மடு, நீரின் வெப்பநிலை, எடை ஆகியவற்றுடன் குறிப்பேட்டில் எழுதி வைப்பவர். அவர் பழைய மீன் ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், சென்ற ஆண்டு 14 பவுண்டாக இருந்தது இவ்வாண்டு 16 ஆகிவிடும். தபால்காரர் நூலைச் சுற்றியபடியே தலை நிமிராமல், “ஆற்றுக்குள் வந்தபின் ஒன்றும் தின்னாத மீன், உன் குறிப்பேட்டுக்குள் போன பிறகு மட்டும் எதைத் தின்று கொழுக்கிறது?” என்று கேட்பார். தச்சருக்கு இடுப்பு மூட்டு மாற்றி உலோகம் பொருத்தியிருக்கிறார்கள். வசந்தகாலத்தில் மீன் அடியாழத்தில் கிடக்கும், ஃபிளை நன்றாக மூழ்கினால்தான் பயன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் தச்சரின் தூண்டில் நரம்பு எப்போதும் மேலேயே மிதக்கும். “உன்னிடம் ஒழுங்காக மூழ்கக்கூடியது அந்த இடுப்பு ஒன்றுதான், அதையே நரம்பில் கட்டி வீசு” என்பது ஆசிரியரின் அறிவுரை. என்னிடம் வந்தால் அணைதான் பேச்சு. டம்மல் ஆற்றில் பிட்லாக்ரி அணையருகே, மீன்கள் ஏறிச் செல்வதற்காக 34 தொட்டிகளைப் படிப்படியாக அமைத்து மீன் ஏணி ஒன்று கட்டியிருக்கிறார்கள். அணையோடு சேர்த்து 1950களின் தொடக்கத்திலேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்ட அந்த ஏணியை நான் முதன்முதலில் பார்த்ததே அதற்கு 30 ஆண்டுகள் கழித்துத்தான். ஆயினும் எனக்கு மீன் கிடைக்காத நாளெல்லாம், “வாசலில் 34 படி வைத்தவனை மீன் மறக்குமா?” என்று தச்சர் கேட்கத் தவறியதில்லை.

செவிலியர் அம்மையாரின் ஆயுதம் ஒரே ஒரு எண். 1922ஆம் ஆண்டு அக்டோபர் 7 அன்று, இதே டே ஆற்றில், கேபத் சிற்றூரை அடுத்த கிளென்டெல்வைன் பகுதியில், ஜார்ஜினா பாலன்டைன் என்ற 32 வயதுப் பெண், படகில் தந்தையுடன் சென்று 64 பவுண்டு எடையுள்ள சால்மன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். நம் கணக்கில் 29 கிலோ. இருட்டிய பிறகும் விடாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் போராடி அதைக் கரைசேர்த்தார். நூறாண்டு கடந்தும் பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் அதைவிடப் பெரியது இல்லை. அந்த மீனின் வார்ப்பைப் பெர்த் நகரக் கடையொன்றின் காட்சிச் சன்னலில் வைத்திருந்தபோது, அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், எந்தப் பெண்ணாலும் இப்படியொரு மீனை எடுத்திருக்க முடியாது, இது பொய் என்று தம் தோழரிடம் சொன்னதைப் பின்னால் நின்ற ஜார்ஜினாவே கேட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது. அம்மையார் இந்தக் கதையை எங்களிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதன்பின் எங்களில் யாராவது வீரம் பேசத் தொடங்கினால், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அறுபத்து நான்கு” என்பார். அவ்வளவுதான். பேசியவர் முறுக்கை எடுத்துக் கடிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

மூன்றாண்டுகளுக்கு முன் பிப்ரவரி மாதத்தில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும் குளிர். பத்து வீச்சுக்கு ஒருமுறை கோல் நுனியை ஆற்றில் தோய்த்து அதைக் கரைக்க வேண்டியிருந்தது. ஆசிரியரின் கோல் வளைந்தது. கால் மணி நேரத்தில் கைவலைக்குள் வெள்ளி நிறத்தில் மீன் வந்தது. அவர் குரல் தழுதழுக்க, அந்த ஆண்டின் முதல் ஸ்பிரிங்கர் என்று அறிவித்தார். அம்மையார் நீர் புகாத ‘வேடர்ஸ்’ உடை அணிந்த கால்களோடு நீருக்குள் இறங்கி, மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலேயே, இரண்டு விரல்களால் அதன் செவுள் மூடியை மெல்ல விலக்கிக் காட்டினார். சிவந்த செவுளின் விளிம்பில், வேகாத அரிசியை ஒட்டி வைத்ததுபோல, வெளிறிய சிறு ஒட்டுண்ணிகள் வரிசையாக இருந்தன. கடலிலிருந்து புதிதாக வந்த மீனின் உடலில் கடற்பேன் இருக்கும்; செவுளில் இந்த அரிசிமணிகள் இருந்தால் அது முந்தைய இலையுதிர்காலத்தில் முட்டையிட்டு முடித்து, மெலிந்து, மீண்டும் வெள்ளி நிறம் பூண்டு கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் ‘கெல்ட்’. முக்கி எடுத்த கோலோடு அனைவரும் அமைதியாக நின்றோம். அம்மையார் மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்து, அது வாலை அசைத்து நழுவிச் செல்லும்வரை காத்திருந்துவிட்டு, “வயதான பிறகும் பளபளப்பாக இருப்பவர்களைப் பார்த்தால் இவர் இப்படித்தான் ஏமாந்துபோகிறார்” என்றார். அந்த ஆண்டு முழுவதும் ஆசிரியருக்குப் பெயர் ‘அரிசி வியாபாரி’. அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்கு நான் ஒரு கிலோ பொன்னி அரிசியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அதை அவர் இன்றும் சமைக்காமல் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

இந்தக் கேலிக்கு எழுதப்படாத விதிகள் உண்டு என்பதை நான் மெல்ல மெல்லத்தான் கண்டுகொண்டேன். வீச்சைப் பற்றி, முடிச்சைப் பற்றி, மீனின் எடையைப் பற்றி, முழங்காலைப் பற்றி எதுவும் சொல்லலாம். பிள்ளைகளைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் மறைந்த துணையைப் பற்றியும் ஒரு சொல் வராது. எதையும் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஒருவர் வராத நாளில் அவரைப் பற்றிய கேலியும் வராது, அவருடைய நாற்காலியில் யாரும் உட்காரவும் மாட்டார்கள். கேலிக்கு ஆளானவர் திருப்பிக் கொடுக்கும்வரை மற்றவர்கள் பேச்சை மாற்றாமல் காத்திருப்பார்கள். ஒருவர் திருப்பிக் கொடுக்கவில்லையென்றால், அவருக்கு உடம்புக்கோ மனத்துக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். அன்று மாலையே யாராவது ஒருவர், ஏதோ ஓர் உளியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில், அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

சென்ற நவம்பரில் தபால்காரருக்கு அப்படித்தான் ஆனது. அவருடைய வலக்கை சில ஆண்டுகளாகவே நடுங்கிவந்தது. மருத்துவர் அதற்கு ஒரு பெயரைச் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்ததிலிருந்து அவர் வருவதை நிறுத்திவிட்டார். இந்த வசந்தத்துக்கு வரப்போவதில்லை, கோலை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியில் ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறார். அந்த வியாழக்கிழமை பட்டறையில் இடுக்கி வெறுமையாக இருந்தது. அவரைப் பார்த்து ஆறுதல் சொல்லி வரலாம் என்று நான் சொன்னேன். அம்மையார் உறுதியாக மறுத்தார். தாம் 38 ஆண்டுகள் வார்டுகளில் பார்த்ததைச் சொன்னார்: பாவம் என்ற முகத்தோடு பார்க்க வந்தவர்கள் போன பிறகு நோயாளிகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். எனவே நாங்கள் நால்வரும் அவருக்கு அஞ்சலட்டைகள் அனுப்ப முடிவு செய்தோம். உறையில் இடுவதில்லை, வழியில் எவரும் படிக்கும்படி திறந்த அட்டைகள். “வாழ்நாளெல்லாம் ஊராரின் அஞ்சலட்டைகளைப் படித்தாய், இனி உன்னுடையதை ஊர் படிக்கட்டும்” என்று ஆசிரியர் எழுதினார். தச்சர் பெயரே எழுதாமல், ‘கோல் இருந்தும் மீன் பிடிக்காதவர்’ என்று போட்டுத் தெருப் பெயரை மட்டும் எழுதினார். அது பிழையின்றிப் போய்ச் சேர்ந்தது. அம்மையாரின் அட்டையில் 64 என்ற எண் மட்டும் இருந்தது.

என்ன எழுதுவது என்று எனக்கு இரண்டு நாட்கள் தெரியவில்லை. பிறகு தமிழில் எழுதினேன்: “டே, வாடா.” என்னைவிட எட்டு வயது மூத்தவரைத் தமிழில் நேரில் அப்படி அழைக்க எனக்கு நாக்கு எழாது, எழுதும்போதே பேனா ஒருமுறை நின்றது. அட்டை கிடைத்த அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைத்து, இந்தக் கொக்கிகளுக்கெல்லாம் என்ன பொருள் என்று கேட்டார். முதல் சொல் நம் ஆற்றின் பெயர் என்றேன். பிறகு அது எங்கள் மொழியில் என்னவென்பதையும் சொன்னேன். கூடப் பிறந்தவனையும், கூடப் படித்தவனையும், அடிக்கவும் அணைக்கவும் உரிமையுள்ளவனையும் மட்டுமே அப்படி அழைப்போம். அந்நியனை அழைத்தால் அது வசை, நண்பனை அழைக்காமல் விட்டால் அவன் வருந்துவான் என்று விளக்கினேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, உன்னை இப்போது யார் அப்படி அழைக்கிறார்கள் என்று கேட்டார்.

இதழாசிரியர் அவர்களே, அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதத்தையே எழுதத் தொடங்கினேன். என் அண்ணன் இருந்தவரை தொலைபேசியை எடுத்ததும் ‘டேய்’ என்றுதான் தொடங்குவார். அவர் காலமாகி ஆறாண்டுகள் ஆகின்றன. எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் நான்காண்டுகளுக்கு முன் போய்விட்டான். அவனுக்குப் பிறகு இந்த உலகில் என்னை அப்படி அழைக்கத் தமிழில் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் நான் ஐயா, சார், மாமா, தாத்தா. தமிழ்ச் சங்க விழாக்களில் முதல் வரிசை நாற்காலியில் அமர்த்துகிறார்கள், சால்வை போர்த்துகிறார்கள், குழந்தைகளைக் காலில் விழச் சொல்கிறார்கள். அன்பில்லாமல் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முதல் வரிசையில் எனக்கு இருபுறமும் அமர்ந்திருப்பவர்களும் என்னைப் போலவே சால்வை போர்த்திக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பார்கள். பின்வரிசையிலிருந்து வெடிச்சிரிப்பு கேட்கும். திரும்பிப் பார்த்தால், பெரியவர் பார்க்கிறார் என்று அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் என் மனம் படும் பாட்டை எழுத எனக்குத் தெரியவில்லை.

நம் மரபு இப்படிப்பட்டதன்று. கேலிக்கு முறை வைத்த சமூகம் நம்முடையது. மாமனுக்கும் மச்சானுக்கும், கொழுந்தனுக்கும் அண்ணிக்கும், தாத்தாவுக்கும் பேத்திக்கும் கேலி ஓர் உரிமை. முசிறியில் என் சிறு வயதில், சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பெண்கள் பாடும் நலங்குப் பாட்டுக்குப் பல்லில்லாத கிழவர்கள் வயிறு குலுங்கச் சிரித்ததைக் கண்டிருக்கிறேன். ஊரில் அந்தக் கிழவருக்கு 80 வயதிலும் எதிர்த்திண்ணையில் ஒரு மச்சான் இருந்தார். கடல் கடந்து வந்தபோது நாங்கள் மரியாதையைக் கொண்டுவந்தோம், திண்ணையைக் கொண்டுவரவில்லை. முறைகாரர்கள் டொரொண்டோவிலும் பாரிசிலும் சிட்னியிலும் சிதறிக் கிடக்கிறார்கள். அருகில் இருப்பவர்களுக்கோ எங்களைக் கேலி செய்யும் முறை இல்லை. ஆகவே கேலி நின்றுபோய் மரியாதை மட்டும் மிஞ்சியது. எனக்கு இந்தத் திண்ணை ஓர் அயல்நாட்டுத் தச்சரின் பட்டறையில் கிடைத்தது என் நல்வாய்ப்பு. எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை என்பதையும் நான் அறிவேன்.

மீன் பிடிப்பதுதான் எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக் கூடும். அதுவும் முழு உண்மையன்று. ஏனெனில் மீன் குறைந்துகொண்டே வருகிறது. 1952 முதல் பேணப்பட்டுவரும் ஸ்காட்லாந்தின் தூண்டில் பதிவுகளில் 2023ஆம் ஆண்டின் எண்ணிக்கைதான் அதுவரையில் மிகக் குறைவானது. அதே ஆண்டு டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தியது. கடல் வெப்பமடைவதும், ஆற்றின் தடைகளும், மாசும், பண்ணை மீன்களிலிருந்து பரவும் பேனும் எனக் காரணங்கள் பல. 2015 முதல் ஏப்ரல் 1க்கு முன் பிடிபடும் எந்தச் சால்மனையும் கொல்லக் கூடாது, உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அதன் பிறகும் எங்களில் யாரும் பெரும்பாலும் மீனை வைத்துக்கொள்வதில்லை. கடந்த வசந்தத்தில் ஐவரும் சேர்ந்து 41 நாட்கள் ஆற்றில் நின்று மூன்று மீன்களைத் தொட்டோம். மீதமுள்ள நாட்களில் ஆற்றில் இறங்கி, வீசி, இரண்டு அடி நகர்ந்து, மீண்டும் வீசி, கை விறைத்துக் குடிலுக்குத் திரும்பினோம். அந்த நாட்களை நிரப்பியது பேச்சுதான். ஒரு மீனும் இல்லாத ஆற்றைப் பார்க்க நேர்ந்துவிடுமோ என்ற கவலை எங்கள் ஐவருக்கும் உண்டு. அதைப் பற்றி மட்டும் நாங்கள் கேலி பேசுவதில்லை.

பிள்ளைகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் பெரிதன்று. உங்கள் தந்தையோ தாயோ வெளியே போக வேண்டும் என்றால், குளிர் என்று தடுக்காதீர்கள். இரண்டாவது உள்ளாடையை எடுத்துக் கொடுங்கள். மீன் பிடிக்கப் போக வேண்டும் என்பதில்லை. சீட்டாட்டமோ, தோட்டமோ, கேரம் பலகையோ எதுவாயினும், தங்கள் வயதையொத்தவர்களோடு தோற்கவும் வெல்லவும் வாய்ப்புள்ள ஏதோ ஒன்று அவர்களுக்கு வேண்டும். வென்றவரை வம்புக்கு இழுக்கவும் தோற்றவரைச் சீண்டவும் அங்கே நான்கு பேராவது இருக்க வேண்டும். விழா மண்டபத்தில் முதல் வரிசையை எடுத்துவிட்டு, பின்புறத்தில் ஒரு வட்ட மேசையையும் தேநீரையும் வைத்து எங்களை அங்கே விட்டுவிடுங்கள். உங்கள் அப்பா இன்னொரு கிழவரிடம் குரலை உயர்த்திப் பேசுவதைக் கேட்டால், ஓடி வந்து சமாதானம் செய்யாதீர்கள்.

தபால்காரர் டிசம்பர் முதல் வியாழக்கிழமையன்று வந்தார். பட்டறைக் கதவைத் திறந்துகொண்டு, எங்கள் நால்வரையும் பார்த்து, வெகுநாள் பழகியதுபோல “டே” என்றார். உச்சரிப்பு ஆற்றின் உச்சரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அழைத்தது எங்களை. தச்சர் எழுந்து, ஓக் மரத்தில் செய்து வைத்திருந்த ஒரு சிறு தாங்கியை மேசையில் பொருத்தினார். முழங்கையும் மணிக்கட்டும் அதில் அமரும்படி குடைந்து, உள்ளே தோல் ஒட்டியிருந்தார். நீ ஆட்டுகிற ஆட்டத்தில் என் மேசையின் கால்கள் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்றார். முன்பு கால் மணி நேரத்தில் கட்டிய ஃபிளைக்கு இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நூலின் கடைசி முடிச்சை அம்மையார் விரலால் பிடித்துக்கொள்கிறார்.

பருவத்தின் முதல் வீச்சு தபால்காரருடையது என்று பேசி முடிவாகியிருக்கிறது. அது கரையிலிருக்கும் ஆல்டர் மரத்தில் போய்ச் சிக்கும் என்று ஆசிரியர் ஒரு பவுண்டு பந்தயம் கட்டியிருக்கிறார். சிக்காது என்று நான் கட்டியிருக்கிறேன். இரண்டு நாணயங்களும் அம்மையாரின் தேநீர் டப்பாவில் இருக்கின்றன. அன்று காலை பொங்கலை இறக்கியதும் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். போன ஆண்டு முந்திரி குறைவு என்று நான்கு பேரும் சொல்லியிருக்கிறார்கள். தபால்காரரின் பெட்டியில் இப்போது ஒன்பது வில்லி கன்கள் இருக்கின்றன. ஒன்பதும் சற்றுக் கோணல். சால்மன் கோணலைப் பார்ப்பதில்லை என்று அவரும், வேறெதையும் பார்ப்பதில்லை என்று ஆசிரியரும் சென்ற வியாழக்கிழமை அடுப்பு அணையும்வரை வாதிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பெர்த், ஸ்காட்லாந்து